மதிப்பெண் ஏறியது, கால் ஊன்றவில்லை: பெருமூளை வாதமுள்ள ஒரு சிறுமிக்கு மெய்நிகர் விளையாட்டு வழியே அளித்த சமநிலைப் பயிற்சி

ஒரு குழந்தை திரையில் பெற்ற மதிப்பெண் மூன்று வாரங்களில் ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது. அதே மூன்று வாரங்களில் அவளுடைய உடல் சமநிலையின் அளவு இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இந்த இடைவெளி எப்படி உண்டானது, அது எங்கள் கண்ணில் பட்டது எப்படி, பட்ட பிறகு விளையாட்டில் எவற்றை மாற்றினோம், மாற்றிய பின் அளவீடுகள் என்ன சொல்லின என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட சேதத்தால் உடலின் இயக்கம் பாதிக்கப்படும் நிலை) உள்ள குழந்தைகளுக்கு மெய்நிகர் விளையாட்டுகளைக் கொண்டு பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர்களில் வேறு சிலருக்கும் இது நேர்ந்திருக்கக்கூடும். மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்து, தனியே அளவெடுக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கும் இது தெரியாமலே போயிருக்கும். பெற்றோரின் ஒப்புதலோடும் குழந்தையின் சம்மதத்தோடும் எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

குழந்தை

பயிற்சி தொடங்கியபோது சிறுமிக்கு வயது 9. கருவுற்ற 30-ஆவது வாரத்தில் குறைமாதத்தில் பிறந்தவள். மூளையின் நீரறைகளை ஒட்டியுள்ள வெண்பொருள் சேதமடைந்திருப்பது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. கால்களை இயக்கும் நரம்பிழைகள் அந்த நீரறைகளுக்கு மிக அருகில் இறங்கிச் செல்வதால், குறைமாதக் குழந்தைகளிடம் இத்தகைய சேதம் கைகளைவிடக் கால்களையே கூடுதலாகப் பாதிக்கும். இவளுக்கும் அப்படித்தான்: இரு கால்களிலும் தசை இறுக்கம் இருந்தது, இடக்காலில் அது மிகுந்திருந்தது. தசை இறுக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடும் திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோலில் இடக் கெண்டைக்கால் தசை 2 என்றும், வலப்பக்கம் 1+ என்றும் பதிவாயின. முழங்காலை நீட்டிய நிலையில் இடக் கணுக்காலைச் செங்கோணம் வரை மட்டுமே மடக்க முடிந்தது. பகலில் இடக்காலுக்குப் பிளாஸ்டிக் கணுக்கால் தாங்கி அணிந்திருந்தாள். எட்டு மாதங்களுக்கு முன் கெண்டைக்காலில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசி போடப்பட்டிருந்தது. அந்த ஊசியின் விளைவு பொதுவாக மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிடும் என்பதால், பின்னால் வரும் மாற்றங்களை அதன் கணக்கில் சேர்க்க முடியாது.

ராபர்ட் பலிசானோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். வகைப்பாட்டில் அவள் இரண்டாம் நிலையைச் சேர்ந்தவள். அதாவது ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாள். ஆனால் படிக்கட்டில் கைப்பிடி வேண்டும், மேடுபள்ளமான தரையிலும் நெரிசலிலும் தடுமாறுவாள். பேச்சும் புரிதலும் வயதுக்கு ஏற்றபடி இருந்தன. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வலிப்பு நோய் இருக்கும் என்பதால், வேகமாக மின்னும் திரைக்கு முன் நிறுத்துவதற்கு முன்பு அதை உறுதியாகக் கேட்டறிய வேண்டும். இவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை. கண்ணாடி அணிந்தால் பார்வை தெளிவாக இருந்தது.

கைக்குழந்தையாக இருந்த நாள்முதல் இயன்முறைப் பயிற்சிக்கு வந்துகொண்டிருப்பவள் அவள். ஒன்பது வயதில் ஒரு குழந்தை எட்டு ஆண்டுகள் பயிற்சி செய்து களைத்திருக்கிறாள் என்றால் அதன் பாரத்தைப் பெரியவர்களாகிய நாம் எளிதில் உணர்வதில்லை. பயிற்சி அறைக்குள் வந்ததும் முதலில் சுவரிலிருக்கும் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள்.

அவளிடமே கேட்டு மூன்று இலக்குகளை எழுதிக்கொண்டோம். பள்ளிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றாமல், ஒரு படிக்கு ஒரு கால் என மாற்றி மாற்றி வைத்து இறங்க வேண்டும். உட்காராமல் நின்றபடியே கால்சட்டை போட வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், திரும்பிப் பார்த்தும் விழாமலிருக்க வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது. அண்மையில் அப்படித் திரும்பி விழுந்திருக்கிறாள் என்று தாய் பிறகு கூறினார். முதல் இரண்டு இலக்குகளுக்கும் அடிப்படையில் தேவை ஒன்றே: உடலின் எடை முழுவதும் இடக்காலின் மேல் சில விநாடிகள் நிற்க வேண்டும்.

விளையாட்டைத் தேர்ந்தது ஏன்

மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ள எவை தேவை என்பதை ஜெஃப்ரி கிளைமும் தெரசா ஜோன்ஸும் 2008-இல் பத்து நெறிகளாகத் தொகுத்தார்கள். பலமுறை செய்வது, போதிய தீவிரத்தோடு செய்வது, செய்பவருக்கு அது பொருட்டாகப் படுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். வழக்கமான ஒரு பயிற்சி நேரத்தில் இந்தச் சிறுமி இடக்காலுக்கு எடையை மாற்றியது சுமார் 40 தடவை. அதிலும் பாதி எங்கள் வற்புறுத்தலால் நடந்தது. விளையாட்டின் மீது நாங்கள் வைத்த நம்பிக்கை இந்த எண்ணை உயர்த்தும் என்பது மட்டுமே. புதுமைக்காக அதைத் தேடவில்லை.

நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. ஒரு பக்க வாதமுள்ள 8 வயதுக் குழந்தை ஒருவர் நான்கு வாரம் மெய்நிகர் பயிற்சி பெற்ற பிறகு, பாதிக்கப்பட்ட கையை அசைக்கும்போது மூளையின் இரு பக்கமும் பரவியிருந்த செயல்பாடு எதிர்ப்பக்கத்தை நோக்கிக் குவிந்ததை, செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. வழியே ஒரு குழு 2005-இல் காட்டியது. அப்போது கடைகளில் கிடைத்த நின்டென்டோ வீ விளையாட்டுக் கருவியைக் கொண்டு, பெருமூளை வாதமுள்ள 13 வயதினர் ஒருவருக்கு 11 அமர்வுகள் பயிற்சி அளித்த நிகழ்வை ஜூடித் டாய்ச் குழுவினர் 2008-இல் வெளியிட்டனர். 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 19 சமவாய்ப்புச் சோதனைகளை (பங்கேற்பவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுபவை) ஒன்றுசேர்த்து, கைச் செயல்பாடு, நடை, உடல் நிலைப்பு மூன்றிலும் பயன் இருப்பதாகக் கண்டது; கடைக் கருவிகளைவிடச் சிகிச்சைக்கென்றே பொறியாளர்கள் உருவாக்கிய கருவிகள் கூடுதல் பயன் தந்தன என்றும் அது குறித்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது படித்துவிட்டுக் கடந்துபோனேன். இந்த நிகழ்வுக்குப் பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

எங்களிடம் மூன்று வழிகள் இருந்தன. தலையில் அணியும் மெய்நிகர் கண்ணாடியை முதலிலேயே விலக்கினோம். அதன் தயாரிப்பாளர்கள் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். சோனி நிறுவனத்தின் கருவிக்கு அது 12 வயது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு: தன் பாதம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளும் குழந்தையிடமிருந்து, நின்று செய்யும் பயிற்சியின்போது அந்தப் பார்வையைப் பறிப்பது ஆபத்து. உடலின் அசைவைக் கேமரா வழியே அறியும் கினெக்ட் போன்ற கருவி இரண்டாவது வழி. காலடியில் வைக்கும் பேலன்ஸ் போர்டு என்னும் பலகை மூன்றாவது. எடை மாற்றமே இலக்கு என்பதால் பலகையைத் தேர்ந்தோம். அதன் நான்கு மூலைகளிலும் எடையை உணரும் உணரிகள் உண்டு. நான்கின் அளவையும் கொண்டு, பாதங்களின் அழுத்தம் பலகையில் எந்தப் புள்ளியில் மையம் கொள்கிறது என்பது கணக்கிடப்படுகிறது. நின்ற நிலைச் சமநிலையை அளக்கும் ஆய்வுக்கூடத் தளத்தோடு ராஸ் கிளார்க் குழுவினர் 2010-இல் அதை ஒப்பிட்டு, நம்பத்தக்க அளவு பொருந்துவதாகக் காட்டியிருந்தனர்.

ஏற்பாடு இதுதான். முதல் நான்கு வாரம் வழக்கமான பயிற்சியோடு அளவீடு மட்டும். அடுத்த பத்து வாரம் விளையாட்டுப் பயிற்சி, வாரம் மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், அதில் சுமார் 25 நிமிடம் திரைக்கு முன். முடிந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் அளவீடு. 14 செயல்களுக்கு 56 புள்ளிகள் கொண்ட குழந்தைகளுக்கான சமநிலை அளவுகோலை வாரந்தோறும் எடுத்தோம். உடலின் பெரிய இயக்கங்களை அளக்கும் ஜி.எம்.எஃப்.எம். அளவீட்டின் நிற்றல், நடத்தல் ஆகிய இரு பகுதிகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்தோம். புள்ளி இட்டவர் நானல்லன். காணொளி எந்த வாரத்தில் எடுத்தது என்று தெரியாத ஒரு சக மருத்துவர்.

முதல் மூன்று வாரங்கள்

திரையில் ஒரு படகு. குழந்தை இடமாகவோ வலமாகவோ எடையை மாற்றினால் அது அந்தப் பக்கம் நகரும். மிதந்து வரும் பொருள்களைத் தொட்டால் புள்ளி கூடும். இடப்பக்கம் கூடுதலான பொருள்கள் வருமாறு அமைத்தோம். முதல் நாளிலேயே அவள் கடிகாரத்தை மறந்தாள். 25 நிமிடத்தில் இடப்பக்கம் நோக்கிய நகர்வுகளைக் காணொளியில் எண்ணிப் பார்த்தேன்: 150-க்கும் மேல். அமர்வு முடிந்ததும், "அக்கா, இன்னும் ஒரு தடவை" என்று உதவியாளரிடம் கெஞ்சினாள். பயிற்சியை நீட்டிக்கச் சொல்லி இந்தக் குழந்தை கேட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அடுத்த மூன்று வாரம் எங்கள் கண்ணை மறைத்ததும் அந்த மகிழ்ச்சிதான்.

மதிப்பெண் வாரந்தோறும் ஏறியது. சமநிலை அளவுகோலில் முதல் நான்கு வாரம் 41, 42, 41, 42 என்று இருந்தவள், விளையாட்டு தொடங்கிய பின் மூன்று வாரமும் 42, 42, 42 என்றே நின்றாள். இடக்காலில் மட்டும் நிற்கும் நேரம் முன்பு ஒரு விநாடி; இப்போதும் ஒரு விநாடி. அளவுகோல் நுணுக்கம் போதாதது என்று நான் முதலில் நினைத்தேன். இன்னும் சில வாரம் போகட்டும் என்றும் நினைத்தேன். அமர்வுகளின் காணொளிகள் எல்லாம் கையிலேயே இருந்தன. எண்ணிக்கைக்காக மட்டுமே அவற்றைப் பார்த்திருந்தேன்.

உண்மையை வெளிக்கொண்டு வந்தது அவளுடைய தம்பி. ஆறு வயதுச் சிறுவன் ஒரு நாள் கூட வந்திருந்தான். அமர்வு முடிந்த பின் அவனைப் பலகையில் ஏற்றினார்கள். அவன் கால்களை மாற்றி மாற்றி ஊன்றி விளையாடியதில் படகு மெல்ல நகர்ந்தது. அக்காவுக்குப் பொறுமையில்லை. "டேய், காலை அசைக்காதே. உடம்பை மட்டும் இப்படி வெடுக்குன்னு வீசு, போதும்" என்று சொல்லிச் செய்தும் காட்டினாள். தோள்களும் மார்பும் இடப்பக்கம் பாய்ந்து உடனே திரும்பின. இடுப்பு நடுவிலேயே இருந்தது. இட முழங்கால் பின்னோக்கி விறைத்துப் பூட்டிக்கொண்டிருந்தது. படகு பொருளைத் தொட்டது.

பலகை அறிந்ததும் அறியாததும்

அன்று மாலை மூன்று வாரக் காணொளியையும் மீண்டும் பார்த்தேன். இரண்டாம் அமர்விலேயே அவள் அந்த உத்தியைக் கண்டுபிடித்திருந்தாள். அதன் பிறகு எண்ணிய நகர்வுகளில் பெரும்பாலானவை அதே வீச்சுதான்.

இது எப்படிப் பலித்தது என்பதை விளக்க வேண்டும். பலகைக்குத் தெரிவது பாதங்களின் அழுத்தம் எங்கே மையம் கொள்கிறது என்பது மட்டுமே. அந்த மையத்தை நகர்த்த இரண்டு வழிகள் உண்டு. இடுப்பை இடக்காலின் மேல் கொண்டுபோய், இடப் பிட்டத்தின் பக்கத் தசை இடுப்பைச் சமமாகத் தாங்க, எடையை அந்தக் காலில் நிறுத்துவது ஒன்று. நாங்கள் கற்பிக்க விரும்பியது அதைத்தான். மேலுடம்பை வேகமாக வீசி, வீசிய உடம்பைச் சட்டென்று தடுத்து நிறுத்துவது மற்றொன்று. தடுக்கும் அந்தக் கணத்தில் அழுத்த மையம் இடப்பக்க விளிம்பு வரை பாய்ந்து திரும்பிவிடும். படகு விளையாட்டுக்குத் தொடுவது போதும், தொட்டபடி நிற்க வேண்டியதில்லை. எனவே இரண்டு வழிகளுக்கும் ஒரே புள்ளி கிடைத்தது. இரண்டாவது வழி விரைவானது, இடக்காலை நம்ப வேண்டிய தேவையே இல்லாதது. எட்டு ஆண்டுகளாக அந்தக் காலை நம்பாமல் வாழப் பழகிய ஒரு குழந்தை எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பது நாங்கள் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய கேள்வி.

கேமரா வகைக் கருவி இதைத் தடுத்திருக்குமா என்று பலர் கேட்டார்கள். தோள் சாய்வதை அது பார்த்திருக்கும், உண்மை. ஆனால் எந்தக் காலில் எவ்வளவு எடை விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. இடக்காலை ஒப்புக்கு வைத்துக்கொண்டு வலக்காலில் நின்றபடியே இடுப்பை மட்டும் தள்ளிக்காட்டினால் அதை ஏமாற்றலாம். பலகை எடையை அறியும், உடலை அறியாது; கேமரா உடலை அறியும், எடையை அறியாது. எந்தக் கருவியிலும் குழந்தை ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிக்கும். இதைக் குழந்தையின் குறும்பு என்று சொல்வதை நான் மறுக்கிறேன். கேட்டதைக் கொடுக்கும் மிகச் சிக்கனமான இயக்கத்தை அவளுடைய மூளை தேடிக் கண்டது. இயக்கக் கற்றல் என்பதே அதுதான். கற்றல் நன்றாகவே நடந்தது. நாங்கள் கேட்டது தவறாக இருந்தது. நாளொன்றுக்கு 150 முறை அந்தத் தவறான இயக்கத்தை நாங்களே பயிற்றுவித்திருக்கிறோம்.

மாற்றியவை

நான்காம் வாரம் பயிற்சியை நிறுத்தி வைக்கவில்லை, விளையாட்டை மாற்றினோம். பலகை புளூடூத் வழியே கணினியோடு இணையக்கூடியது. பொறியியல் பின்னணியுள்ள ஒரு நண்பரின் உதவியோடு எளிய விளையாட்டு ஒன்றை அமைத்தோம். திரையில் வரிசையாக விளக்குகள். அழுத்த மையத்தை இடப்பக்க வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் விளக்கு மெல்ல எரியத் தொடங்கும், வட்டத்தை விட்டு வெளியே போனால் அணையும். தொடுவதற்குப் புள்ளி கிடையாது, நிறுத்துவதற்கு மட்டுமே. தொடக்கத்தில் அரை விநாடி நிறுத்தினால் போதும் என்று வைத்தோம். பத்தில் ஏழு விளக்கை அவள் ஏற்ற முடிகிற அளவில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். பத்தாம் வாரத்தில் அது மூன்று விநாடியைத் தொட்டது.

மேலுடம்பின் வீச்சைத் தடுத்தது கணினி அல்ல, ஒரு தட்டு. இரு கைகளாலும் மார்பளவில் ஒரு தட்டை ஏந்தி நிற்கச் சொல்லி, அதில் ஒரு சிறு பந்தை வைத்தோம். உடம்பை வீசினால் பந்து உருண்டு விழும். இதைவிட நேர்மையான உணரியை நான் எந்தக் கருவியிலும் கண்டதில்லை. முழங்கால் பின்னோக்கிப் பூட்டிக்கொள்ளாதிருக்க, முதல் இரண்டு வாரம் என் விரல்கள் முழங்காலின் பின்புறம் இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்தன; பிறகு தேவைப்படவில்லை. வலப்பாதத்தின் கீழ் மெத்தென்ற நுரைத்துண்டு ஒன்றை வைத்தோம், அந்தக் காலை எளிதில் நம்ப முடியாதபடி. தாங்கி அணிந்தும் அணியாமலும் மாறி மாறிச் செய்தோம்.

அவளுக்கு இது பிடிக்கவில்லை. முதல் நாள் விளக்குகள் எரியவில்லை, பந்து ஓயாமல் விழுந்தது, அவள் அழுதாள். இரண்டாம் நாள் பலகையில் ஏற மறுத்தாள். அவளுடைய பார்வையில் நாங்கள் செய்தது அநியாயம்: வென்றுகொண்டிருந்த ஒரு விளையாட்டைப் பிடுங்கிவிட்டுத் தோற்கும் விளையாட்டைக் கொடுத்திருக்கிறோம். பழைய காணொளியை அவளுக்குப் போட்டுக்காட்டி, படிக்கட்டில் இறங்க எந்தக் கால் வலுவாக வேண்டும் என்று கேட்டேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அந்தக் கால் சும்மாவே நிக்குது" என்றாள். அதன் பிறகு பந்து விழுவதை எண்ணும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தோம். ஒன்பது வயதுக் குழந்தைக்குக் காரணத்தைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் அழுகையைத் தவிர்த்திருக்கலாம்.

ஒவ்வொரு அமர்விலும் கடைசி 15 நிமிடத்தைத் திரையில்லாத வேலைக்கு ஒதுக்கினோம். பலகையில் செய்த அதே எடை மாற்றத்தை உடனே ஒரு மரப்படியில் செய்வாள்: இடக்காலில் நின்று வலக்காலைக் கீழ்ப்படிக்கு இறக்குவது, சுவரருகே நின்று கால்சட்டைக்குள் காலை விடுவது. மெய்நிகர் சூழலில் கற்றது வெளியே தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. பலகை சமதளம், பாதங்கள் அதில் தூக்கப்படுவதே இல்லை. படிக்கட்டிலோ ஒரு பாதம் காற்றில் இருக்கும், கண் கீழே பார்க்கும், தோளில் பை தொங்கும். இந்த 15 நிமிடத்தை நேரம் மிஞ்சினால் செய்யும் வேலையாக வைக்கும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறேன். என் மதிப்பீட்டில் சிகிச்சை அங்கேதான் நிறைவேறுகிறது. அதற்குக் காலை ஆயத்தப்படுத்துவது திரையின் பங்கு.

ஏழாம் வாரத்தில் இடக் கெண்டைக்காலில் வலி என்றாள். இரண்டு அமர்வுகளுக்குத் திரை நேரத்தைப் பாதியாகக் குறைத்தோம், வலி தீர்ந்தது. விழுதலோ தலைவலியோ எதுவும் நேரவில்லை. பலகையில் நிற்கும் நேரம் முழுவதும் ஒருவர் அவளுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்.

அளவீடுகள்

புதிய விளையாட்டில் இடக்கால் எடை மாற்றங்களின் எண்ணிக்கை அமர்வுக்கு 150-லிருந்து சுமார் 90 ஆகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொன்றும் நின்று நிலைத்தது. சமநிலை அளவுகோல் ஐந்தாம் வாரத்தில் 43, ஏழாம் வாரத்தில் 45, பத்தாம் வாரத்தில் 48 என உயர்ந்தது. இடக்காலில் மட்டும் நிற்கும் நேரம் ஒரு விநாடியிலிருந்து நான்கு விநாடி ஆனது. ஜி.எம்.எஃப்.எம். நிற்றல் பகுதியில் 39-க்கு 30 பெற்றிருந்தவள் 34 பெற்றாள். நடத்தல், ஓடுதல், குதித்தல் பகுதியில் 72-க்கு 46 என்பது 51 ஆனது. தசை இறுக்கத்தின் அளவு மாறவில்லை. அது மாறும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. இறுக்கம் அப்படியே இருக்க, செயல் மேம்படலாம் என்பதைப் பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தன் மூன்று இலக்குகளையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறாள் என்று பத்துக்கு எத்தனை என அவளே மதிப்பிட்டாள். படிக்கட்டு 3-லிருந்து 6. கால்சட்டை 2-லிருந்து 6. திரும்பிப் பார்ப்பது 4-லிருந்து 5. கனடிய தொழில்சார் செயல்பாட்டு அளவீடு என்னும் இம்முறையில் இரண்டு புள்ளி மாறினால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கொள்ளப்படுகிறது. ஆக முதல் இரண்டும் தேறின, மூன்றாவது தேறவில்லை.

வளர்ச்சியால் இது தானாகவே வந்திருக்குமா என்ற ஐயம் நியாயமானது. பீட்டர் ரோசன்பாம் குழுவினர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து 2002-இல் வெளியிட்ட இயக்க வளர்ச்சிக் கோடுகளின்படி, இரண்டாம் நிலைக் குழந்தைகள் தாம் அடையக்கூடிய இயக்கத் திறனில் 90 விழுக்காட்டைச் சுமார் நாலரை வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள். ஒன்பது வயதில் ஏழு வாரத்துக்குள் ஆறு புள்ளி உயர்வதற்கு வளர்ச்சி ஒன்றையே காரணமாகச் சொல்வது கடினம். ஆனாலும் இது ஒரே ஒரு குழந்தையின் கதை. மாற்றியவை பல: விளையாட்டு, தட்டு, நுரைத்துண்டு, அவளுக்குக் கொடுத்த விளக்கம். கடைசி 15 நிமிடமும் நான்காம் வாரத்தில்தான் ஒழுங்காகத் தொடங்கியது. இவற்றுள் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இந்த அமைப்பு இடம் தரவில்லை. அடுத்த குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற எண்ணியிருக்கிறேன். முதல் மூன்று வாரத் தேக்கத்துக்குப் பின்னால்தான் ஏற்றம் வந்தது என்பதால், திரைக்கு முன் நிற்பது மட்டுமே அவளை உயர்த்தவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பயிற்சி முடியும் தறுவாயில், இந்தக் கருவியை வாங்கி வீட்டில் வைக்கலாமா என்று தந்தை கேட்டார். வாங்கலாம், விளையாடி மகிழட்டும். ஆனால் பயிற்சியாக அது அமைய வேண்டுமானால் மதிப்பெண்ணைப் பார்க்காமல் இடுப்பையும் முழங்காலையும் பார்க்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தாயும் தந்தையும் ஓர் அமர்வில் எங்களோடு நின்று பழகிக்கொண்டார்கள். தம்பிக்குத் தட்டில் பந்தை வைக்கும் வேலை கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து எடுத்த அளவீட்டில் சமநிலை 47, இடக்காலில் நிற்கும் நேரம் நான்கு விநாடி. படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றாமல் இறங்குகிறாள். பை கனமாக இருக்கும் நாள்களில் மட்டும் பற்றிக்கொள்கிறாள். கால்சட்டையை நின்றுகொண்டே போடுகிறாள். நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கும் இலக்கு அதே 5-இல்தான் நிற்கிறது. பலகையில் பாதம் நகராது, தலை திரும்பாது, திரை எப்போதும் நேர் எதிரே இருக்கும். திரும்புதலை அந்தப் பத்து வாரத்தில் நாங்கள் ஒரு முறைகூடப் பயிற்றுவிக்கவில்லை. இப்போது தாழ்வாரத்தில் அவள் நடக்க, உதவியாளர் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைக்கிறார். திரும்பி, அவர் கையில் உயர்த்திப் பிடித்திருக்கும் எண்ணைச் சொல்லிவிட்டு நடையைத் தொடர வேண்டும். இரண்டு வாரமாக நடக்கிறது. நேற்று பத்தில் நான்கு தடவை நிற்காமல் சொன்னாள்.